முதுகு காட்டாத லிஃப்ட்

வேண்டா அம்மாள் மாடிப்படி ஏறினால் கீழே ஜெராக்ஸ் கடையில் தாள்கள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். அப்படியொரு நடை. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அந்த ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் ஜெசிந்தா கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து, கூடுவாஞ்சேரி மனை ஒன்றில் எழும்பப்போகிற வீட்டுக்கு முகப்பு வரைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்குத் தூணில் தாமரை வேண்டும், தாமரைமேல் சிங்கம் வேண்டும், சிங்கத்தின் வாயில் குழல்விளக்கு வேண்டும். அடுத்த வாரம் அந்தச் சிங்கத்துக்கு மூக்குக்கண்ணாடி கேட்டாலும் கேட்பார் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"நீ தானே கம்ப்யூட்டர்ல வூடு கட்ற பொண்ணு?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, வேண்டா அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், மின்விசிறி களைத்துப்போகும் வரை எழுந்திருக்கவில்லை. "செய்யூர் ராஜாராம் லட்சுமணன் கம்பெனின்னு கேள்விப்பட்டிருப்ப. நான் அவுங்க தங்கச்சி."

கேள்விப்படாமல் என்ன? பாலாற்றுக்குத் தெற்கே எந்தக் கட்டடத்துக்குச் சாரம் கட்டினாலும் அந்தச் சவுக்குக்கழி அவர்கள் தோப்பில் நின்றதுதான். அதை ஏற்றிவந்த லாரி அவர்களுடையது. லாரி ஓட்டுகிறவர் கொறித்துக்கொண்டு வரும் வேர்க்கடலைகூட அவர்கள் கொல்லையில் விளைந்ததாகத்தான் இருக்கும்.

"மாமல்லபுரத்துக்கு இந்தாண்ட, கடலோர ரோட்டுமேல புது ஆபீஸு கட்டிக்கினு கீறோம். மூணு மாடி. எலும்புக்கூடு எழும்பிடுச்சி, உள்ள ஒண்ணும் இல்ல. பட்டணத்துலேர்ந்து வந்த ஆர்க்கிடெக்ட்டு ஓடிப்பூட்டான்."

"ஏன் ஓடினாரு?"

"எங்கண்ணனுங்க ரெண்டு பேரும் அவங்கிட்ட பேசினாங்க. தனித்தனியா."

அண்ணன் ராஜாராமும் தம்பி லட்சுமணனும் ஒருவரோடொருவர் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. பெயர் வைத்த அப்பா என்னவோ நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். லட்சுமணன் வீட்டுக் காதுகுத்தில் ராஜாராமை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பந்திக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டிப் பாயசம் மட்டும் மிஞ்சியிருந்தால் செய்யூர்த் தாலுகாவின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். அது முதல் அண்ணன் சொல்ல நினைப்பதைத் தம்பியிடம் சொல்வதும், தம்பி திருப்பிச் சொல்வதை அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேண்டா அம்மாளின் வேலை. ஒரே அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தாலும் நடுவில் இவர் வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் ரூம்பு மூணாவது மாடியில தான்" என்றார். "தம்பிக்காரன் தலைக்கு மேல அண்ணன் கால் இருந்தா சின்னவருக்குப் பொறுக்காது. அண்ணங்காரன் தலைக்கு மேல தம்பி கால் இருந்தா ஊரு பொறுக்காது. சரி, ரெண்டும் மேலயே இருக்கட்டும்னேன். இப்ப பேஜாரு இன்னான்னா, லிஃப்ட்டு."

"ஒரே லிஃப்ட்டா?"

"ஒண்ணுக்குத்தான் லிஃப்ட்டு ஓடற செங்கல் கூண்டு கட்டிக் கீது. ஒருத்தரு மேல போய் இறங்குற வரைக்கும் இன்னொருத்தரு கீழ நிக்கமாட்டாரு. நின்னவன் தோத்தவன். சின்னவரு படியில போலாமேன்னா, 'லிஃப்ட்டுல எனக்குப் பாகம் இல்லியா'ன்றாரு. சேர்ந்து ஏறுங்கன்னா ரெண்டு பேரும் என்ன மொறைக்கிறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "ஒரு புஸ்தகத்துல பார்த்தேன். ஆளோட கொணத்துக்கு ஏத்த மாதிரி ஆபீஸு கட்றாங்களாமே. எனக்கு அப்புடித்தான் வோணும். ரெண்டு ரூம்பு, ஒரு லிஃப்ட்டு. அதுல ரெண்டு பேரும் தல ஆட்டிட்டா, முழுக் கட்டடமும் உனுக்குத்தான்."

"லிஃப்ட்டுக்கும் குணமாம்மா?"

"மனுசன் ஏறி நிக்கிற எடம் தானே? சின்ன ரூம்பு தானே அது?"

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் முழுக்கத் திருப்பினாள். இரண்டு வருஷமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டு முகப்புகள்தான். முகத்துக்குப் பவுடர் போடு, போய்விடு. உள்ளே யாரும் விட்டதில்லை. இப்போதோ முழுக் கட்டடம், அதுவும் இந்த மாதம் பார்த்து வந்திருக்கிறது.

இந்த மாதத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அவள் கணவன் ஜெபகுமார் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவன். அணுபுரம் குடியிருப்பில் வீடு. ராஜஸ்தானத்தில் இருக்கிற நிலையத்துக்குப் பதவி உயர்வோடு போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வந்து ஊன்றிய கால்களை மறுபடியும் பிடுங்குவதா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அதற்குள் ஜெசிந்தாவின் கைக்கு ஒரு முழுக் கட்டடம் வந்தால் இங்கேயே இருப்பது. வராவிட்டால் கணிப்பொறியைக் கட்டிவைத்துவிட்டு ரயில் ஏறுவது.

"நா செய்து தாரேன்மா" என்றாள் ஜெசிந்தா. சிங்கத்தை அப்படியே குழல்விளக்கைக் கவ்வியபடி விட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாளே செய்யூருக்குப் போனாள். ஆளின் குணத்துக்கு ஏற்ற அறை வேண்டுமென்றால் ஆளைப் பற்றித் தெரிய வேண்டும் அல்லவா? ராஜாராம் சவுக்குக்கழி அடுக்குகளுக்கு நடுவே நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மீசை பெரிதா மனிதர் பெரிதா என்று சொல்ல முடியாது.

"அண்ணாச்சி, உங்கள பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"என்ன பத்தி நானே சொல்லிக்கினா நல்லாவா இருக்கும்? நாலு பேரு சிரிக்க மாட்டான்?" என்று அதை முடித்துவிட்டு, கேட்காததை ஆரம்பித்தார். "அந்தாண்ட ஒருத்தன் கீறான் பாரு, அவன பத்தி வேணா கேளு. ஒரு எடத்துல உக்காரமாட்டான். போன் பேசினா நின்னுகினு தான். சோறு துன்னாலும் நின்னுகினு தான். பத்து வயசுல ஒளிஞ்சி வெளயாடறேன்னு நெல்லுக் குதிர்ல போய் உக்காந்தான். மூடி மாட்டிகிச்சி. ஊரே கெணறு கெணறா எட்டிப் பாத்துக்கினு கீது, இவன் உள்ள நெல்லத் துன்னுக்கினு அழுதுகினு கீறான். அன்னிலேர்ந்து கதவு மூடின எடம்னா அவனுக்கு வேர்த்துக் கொட்டும். பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைக்கலன்னா அடுத்த பஸ்ஸு. ஒரு ஆளா அவன்?"

ஒரு மணி நேரம் தம்பியைத் திட்டினார். திட்டத் திட்ட முகம் பளபளவென்று ஆனது.

லட்சுமணன் லாரி கொட்டகையில் நின்றுகொண்டு இரண்டு தொலைபேசிகளில் பேசிக்கொண்டிருந்தார். அவரும் தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றார். "அவர பத்திக் கேளு, சொல்றேன். சோத்துக்கைப் பக்கத்துக் காது கேக்காது அவருக்கு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாரு. அந்தப் பக்கமா எவனாவது வந்து பேசினா, புரிஞ்ச மாதிரியே மீசையத் தடவுவாரு. வர்ற லாரி எல்லாத்தையும் அவரு பாக்கணும், ஆனா அவரு பாக்கறத எவனும் பாக்கக் கூடாது. சேருல கால மடக்கித்தான் உக்காருவாரு. கால் தொங்கினா மூளையே வேல செய்யாது அவருக்கு. இப்புடி ஒரு மனுசன எங்கயாவது பாத்திருக்கியா மேடம்?"

"நா இன்னிக்குத்தான் ரெண்டு பேரப் பாத்தேன் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.

பேருந்தில் திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது. அளவுக்குக் கொடுத்த சட்டை போல இரண்டு பேருடைய குணமும் மடியில் இருந்தது. தன் குணத்தைத் தானே சொன்னால் மனிதன் பாதி பொய் சொல்வான். கோபக்காரச் சகோதரன் சொன்னால் பொத்தான் துளை வரைக்கும் சரியாக இருக்கும்.

அதற்குப் பிறகு அவள் கணிப்பொறியை விட்டு அசையவில்லை. அந்த முப்பரிமாண மென்பொருளில் ஒரு கட்டம் வரைந்து அதன் மூக்கைப் பிடித்துத் தூக்கினால் சுவர் எழும்பும். குத்தினால் ஜன்னல் விழும். சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் நிழல் தானாக விழும், ஆனால் அவசரப்படாது. ஒரு நாற்காலிக்கு நிழல் விழுவதற்குள் அரிசி களைந்து உலை வைத்து வடித்துவிடலாம். மேசைக்கு என்றால் குழம்பும் கூட்டிவிடலாம். ஜெசிந்தா அப்படித்தான் செய்தாள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மேலேயிருந்து வரும் மீன் வாசனையை வைத்தே கட்டடம் எந்த மட்டத்தில் இருக்கிறதென்று சொன்னார்.

அறைகள் இரண்டும் அமைந்தன. லிஃப்ட்டுக்கு வந்தாள். தேக்கு நிறத்தில் உள்சுவர், பித்தளைப் பிடிமானம், பார்ப்பதற்கு அரண்மனைப் பல்லக்கு. ஆனால் ஆள் இல்லாத லிஃப்ட் எவ்வளவு பெரிது என்று யாருக்குத் தெரியும்? மென்பொருளோடு வந்த மனிதப் பொம்மைகள் எல்லாம் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களைக் கழற்றிவிட்டு, அண்ணன் தம்பி இருவரின் படத்தையும் ஒட்டிப் பொம்மை செய்து உள்ளே நிறுத்தினாள். பெரியவர் முதலில் ஏறுவார், அதனால் உள்ளே. சின்னவர் பின்னால் ஏறுவார், அதனால் கதவோரம். இரண்டு பேரும் கதவைப் பார்த்து. உலகத்தில் எல்லாரும் அப்படித்தானே நிற்கிறார்கள்?

அங்கேதான் விழுந்தது அடி.

இருவரும் செங்கல்பட்டு அறைக்கு வந்தார்கள். கணிப்பொறித் திரைக்கு முன்னால் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் வேண்டா அம்மாள். ஜெசிந்தா வாசலிலிருந்து ஆரம்பித்தாள். திரையில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே சின்ன லட்சுமணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பெரிய ராஜாராம், தம்பியின் பிடரியைப் பார்த்தபடி.

"இன்னாது இது?" என்றார் நிஜ லட்சுமணன். "வேண்டா, இந்தப் பொண்ணுகிட்ட கேளு. நான் அவருகிட்ட பேசல. அது வேற. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, அவருக்கு முதுகு காட்டிக்கினு நின்னிருக்கேனா நானு?"

ராஜாராம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேண்டா, சொல்லு. அந்த ஒரு விசயத்துல அவன கொற சொல்லக் கூடாது."

உண்மைதான். ஒன்பது வருஷச் சண்டையில் லட்சுமணன் அண்ணனுக்கு முகம் கொடுத்ததில்லை, ஆனால் முதுகைக் காட்டியதும் இல்லை. அண்ணன் இருக்கும் இடத்திலிருந்து வெளியேற வேண்டுமென்றால் பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் நடப்பார். ஒரு கல்யாணத்தில் அப்படிப் பின்னோக்கியே நடந்து ரச அண்டாவில் உட்கார்ந்து எழுந்தார். அந்த ரசத்தை யாரும் குறை சொல்லவில்லை என்பார்கள். ஜெசிந்தாவின் ஊரிலோ, அண்ணன் தம்பி சண்டையென்றால் முதல் காரியம் முதுகைக் காட்டிக்கொண்டு போவதுதான். அவளுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணாச்சி, ஒரு நிமிசம், ரூம்பப் பாத்துட்டாவது..."

பார்க்கவில்லை. லட்சுமணன் பின்னோக்கியே நடந்து, கதவைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, வெளியேறினார். பெரியவர் அவர் இறங்கும் சத்தம் தேயும் வரை காத்திருந்துவிட்டு எழுந்தார்.

வேண்டா அம்மாள் மட்டும் வாசலில் நின்றார். "ரூம்பு கெடக்கட்டும். இந்த லிஃப்ட்டுல சின்னவரு முதுகும் தெரியக் கூடாது, பெரியவரு மொகமும் சின்னவருக்குத் தெரியக் கூடாது. பெரியவரு தான் முன்னால ஏறணும், முன்னால எறங்கணும். இன்னொரு தபா காட்டு. அதோட அவ்ளோதான்."

அணுபுரம் வீட்டில் ஜெபகுமார் அட்டைப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தான். நல்ல மனிதன், எதற்கும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். "அங்க ஒட்டகத்துல போயே காய் வாங்கலாமாம், ஜெசி" என்றான் ஆறுதலாக.

"இங்கேருங்க, நா இன்னும் தோக்கல. பெட்டிய எடுத்த எடத்துல வைங்க."

"சும்மா தூசி தட்டி..."

"தூசியோடயே இருக்கட்டும்."

சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு அவள் தாளில் கட்டம் போட்டுப் பார்த்தாள். ஒரே கதவு. முதலில் ஏறுகிறவன் உள்ளே போகிறான். பின்னால் ஏறுகிறவன் கதவோரம் நிற்கிறான். இறங்கும்போது கதவோரம் நிற்பவன்தான் முந்துகிறான். மரியாதையாக ஏறினால் மரியாதையில்லாமல் இறங்க வேண்டும். லிஃப்ட் என்பதைக் கண்டுபிடித்தவனுக்கு அண்ணனே கிடையாது போலிருக்கிறது. கண்ணாடி பதித்துப் பார்த்தாள்; இருவர் முகமும் ஒருவருக்கொருவர் தெரிந்தது, அழித்தாள். வட்டமாக்கிப் பார்த்தாள், இட்லிப் பானை மாதிரி இருந்தது, அழித்தாள்.

விடை செங்கல்பட்டுப் பேருந்தில் கிடைத்தது. திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூச்சு விட இடமில்லாத கூட்டத்தில், நடத்துநர் கத்திக்கொண்டு வந்தார்: "பின்னாடி ஏறு, முன்னாடி எறங்கு! ஏம்ப்பா, நடுவுல பந்தக்கால் நட்ட மாதிரி நின்னுகினு கீறியே, முன்ன போ! மொதல்ல ஏறினவன் மொதல்ல எறங்கு!"

ஜெசிந்தா போட்ட கூச்சலில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மொத்தப் பேருந்தும் முன்வாசலுக்கு வந்து சேர்ந்தது. அவள் பயணச்சீட்டின் மிச்சத் தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, மாமல்லபுரம் போகிற பேருந்தில் தாவி ஏறினாள்.

இரண்டு கதவுகள், எதிரெதிராக. கீழே சாலைப் பக்கம் ஏறி, மேலே கடல் பக்கம் இறங்குவது. பெரியவர் முதலில் ஏறி நேராக முன்னால் போய் நிற்பார், முதலில் இறங்குவார். தம்பி பின்னாலேயே ஏறி, பின்னாலேயே நின்று, பின்னாலேயே இறங்குவார். திரும்பி வரும்போதும் அதே வரிசை. ஒருவரும் திரும்பவே வேண்டாம்.

கட்டடத்தில் லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் பரணிதரன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் நாலு பேனா, முகத்தில் எப்போதும் ஒரு கொட்டாவி.

"மேடம், எங்க கேட்லாக்ல மூணு மாடல். ஸ்டீல், மரம், பெயின்ட். எல்லாத்துக்கும் ஒரு கதவு."

"எனக்கு ரெண்டு வேணும். எதிரெதிரா."

"இது என்ன ஆஸ்பத்திரியா? ஸ்ட்ரெச்சரா போகப்போகுது?"

"அதவிடச் சிக்கலான ஆளுங்க போவாங்க."

"கிழக்குப் பக்கம் சுவர் இருக்கே?"

"வெறும் செங்கல்தான். தட்டிப் பாத்துட்டேன். தூணும் உத்தரமும் ஒதுங்கித்தான் நிக்கி."

"சரி, எதிர்எடை? லிஃப்ட் மேல போனா இரும்புக் கட்டி கீழ வரணும் இல்ல? அது பின்சுவர்ல தான் ஓடும். பின்சுவரையே நீங்க கதவாக்கிட்டா அது எங்க ஓடும், உங்க கைப்பையிலயா?"

"பக்கவாட்டுல ஓடட்டும்."

"அப்ப லிஃப்ட்டோட அகலம் குறையும்."

"குறையட்டும் தம்பி. ஒருத்தர் பின்னால ஒருத்தர் நிக்கப்போறவங்களுக்கு அகலம் எதுக்கு? நீளம் போதும்."

பரணிதரன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான். அவள் கூண்டின் நாலு பக்கத்தையும் நாடாவால் அளந்து, பிறகு குறுக்காக அளந்து, அவன் தலையாட்டும் வரை அவனையும் அளந்துவிடுவாள் போலப் பார்த்தாள். "முடியும்தான்" என்றான் கடைசியில், வேண்டாவெறுப்பாக. "யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

மறுபடியும் மென்பொருள். மறுபடியும் சோறு, குழம்பு, நிழல். கடல் பக்கம் கீழிருந்து மேல் வரை எல்லாத் தளத்திலும் கண்ணாடிக் கதவு வைத்தாள். நெல்லுக் குதிரின் ஞாபகம் வராதபடி ஒவ்வொரு தளத்திலும் வெளிச்சம் உள்ளே விழட்டும் என்று. மின்சாரம் போய் இரண்டு முறை எல்லாம் அழிந்தது. மூன்றாவது முறை மனப்பாடமாகவே கட்டினாள்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கணிப்பொறித் திரையைப் போர்வையில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல ஜெபகுமார் மடியில் வைத்துக்கொள்ள, ஆட்டோ கடலோரச் சாலையில் போனது. கட்டடத்தின் தரைத்தளத்தில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி மேசையாக்கினார்கள். அண்ணன் ஒரு தூணுக்கு அந்தப்புறம், தம்பி ஒரு தூணுக்கு இந்தப்புறம், வேண்டா அம்மாள் நடுவில். பரணிதரன் ஓரமாக நின்றான், ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கையோடு.

ஜெசிந்தா மவுஸை லட்சுமணனிடம் நீட்டினாள். "நீங்களே நடந்து பாருங்க அண்ணாச்சி."

ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர் அவர். மவுஸை லாரி ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். திரையில் எடுத்த எடுப்பில் ஒரு தூணை முட்டினார், பூந்தொட்டியைக் கடந்தார், மதில் வழியாகக் கடலுக்குள்ளேயே போய்விட்டார். "பிரேக்கு எங்க கீது இதுல?" அவளே பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து லிஃப்ட் வாசலில் விட்டாள். அங்கே அண்ணன் பொம்மை நின்றது. அது முன்னால் நடந்தது, கதவு திறந்தது, ஏறியது. அவர் பின்னாலேயே ஏறினார். லிஃப்ட் மேலே போனது. கண்ணாடிக் கதவில் முதல் மாடி வெளிச்சம், இரண்டாம் மாடி வெளிச்சம், பிறகு கடல். முன்கதவு திறந்தது. அண்ணன் பொம்மை இறங்கியது. அவர் இறங்கினார்.

லட்சுமணன் மறுபடியும் கீழே வந்தார், மறுபடியும் ஏறினார். ஆறேழு தடவை போய்வந்தார். முதுகு தெரியும் ஒரு கோணத்தையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தவர் மாதிரி தேடினார். கிடைக்கவில்லை.

"வேர்க்கல" என்றார் கடைசியில், நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

"இப்ப பெரிய அண்ணாச்சி ரூம்பு" என்றாள் ஜெசிந்தா, மூச்சுக்கூட விடாமல்.

ராஜாராம் தூணை விட்டு வந்தார். திரையில் கால் மடக்கி உட்கார அகலமான, தாழ்ந்த இருக்கை. லாரிகள் வரும் வாசலைப் பார்த்த ஜன்னல், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத கண்ணாடியோடு. வருகிறவர் நுழையும் கதவு இடது பக்கம். பார்வையாளர் நாற்காலியும் இடது பக்கம். வலது பக்கம் முழுக்கச் சுவர். அங்கே ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை.

பெரியவர் கை மீசைக்குப் போனது, பாதியில் நின்றது. வலது காதைப் பற்றி அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. இந்த ஊர்க்காரியே இல்லாத பெண்ணுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? அவர் யாரையும் பார்க்கவில்லை. லட்சுமணன் திடீரென்று சிமெண்ட் மூட்டையின் தையலை ஆராய ஆரம்பித்தார்.

"அடுத்தது சின்ன அண்ணாச்சி ரூம்பு."

கதவே இல்லாத அறை. இடுப்பளவுச் சுவர், மூன்று பக்கமும் காற்று. டீக்கடைப் பலகை போல நீளமான, உயரமான மேசை. இரண்டு தொலைபேசிகள், அறையைச் சுற்றிவர எட்டுகிற கம்பியோடு. நாற்காலி என்று ஒன்றும் இல்லை.

லட்சுமணன் வாய் திறப்பதற்குள் ராஜாராம் நேராகத் தம்பி பக்கம் திரும்பினார். "சேரே இல்லாம ஒரு ரூம்பா? நாள் பூரா நின்னுகினே கெடந்தா கால் இன்னாத்துக்கு ஆவும்? அம்பது தாண்டிடுச்சி உனுக்கு. நரம்பு சுருட்டிக்கினு கெடந்தா எவன் தூக்கறது, நானா?"

வேண்டா அம்மாள் பழக்கத்தில் தம்பி பக்கம் திரும்பி, "கால் இன்னாத்துக்கு ஆவும்னு..." என்று ஆரம்பித்தார். பாதியில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கு நின்னாத்தான் ஓடும்ணா" என்றார் லட்சுமணன்.

"ஒரு ஸ்டூலாவது போடு."

"ஸ்டூல் போட்டா வர்றவன் எல்லாம் உக்காந்து கத பேசுவான். நீ உன் ரூம்ப பாரு. ஜன்னல் அவ்ளோ சின்னதா கீது, காத்து வருமா?"

"எனக்குக் காத்து போதும். உனுக்குத்தான் எப்பவும் பத்தாது. நெல்லுக் குதிர்ல..."

"அந்தக் கதைய எவன் கிட்டல்லாம் சொல்லிக்கினு திரியற நீ?"

ஒன்பது வருஷமாகத் தேங்கிய பேச்சு மதகு திறந்தது போல வந்தது. லிஃப்ட்டுக்குப் பச்சை என்றார் அண்ணன், பச்சை பாசி மாதிரி இருக்கும், நீலம் என்றார் தம்பி. சத்தத்தில் சாரத்தில் இருந்த கொத்தனார்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மாமல்லபுரத்தில் சிலை கொத்துகிறவர்கள் உளியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்திருப்பார்கள்.

வேண்டா அம்மாள் இருவருக்கும் நடுவே புகுந்து, இரண்டு கையையும் தட்டினார். "சண்ட அப்பறம். லிஃப்ட்டு பிடிச்சிதா இல்லியா? தலய ஆட்டுங்க!"

இரண்டு தலைகளும் ஆடின. ஆடிக்கொண்டே, "பச்ச தான்" என்றது ஒன்று. "நீலம்" என்றது இன்னொன்று.

"ஆச்சு" என்றார் வேண்டா அம்மாள். ஜெசிந்தாவின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அவளுக்குப் பல் ஆடியது. "முழுக் கட்டடமும் உனுக்கு. இவனுங்க மனசு மாறதுக்குள்ள அந்தக் கெழக்குச் செவுர இடிக்கச் சொல்லு. இப்பவே."

ஜெபகுமார் போர்வையை மடித்தபடி மெதுவாகக் கேட்டான்: "அப்ப ஆபீஸ்ல நா வரலேன்னு சொல்லிரட்டுமா?"

"போய்ச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் இறங்கிவிட்டிருந்தாள்.

கிழக்குச் சுவரில் கதவுக்கான கோட்டை ஒரே இழுப்பில் போட்டாள். பரணிதரன் நாடாவோடு பின்னாலேயே வந்தான். "மேடம், கண்ணாடிக் கதவுக்கு எங்க கம்பெனியில ஆறு மாசம் ஆகும்."

"மூணு மாசம்."

"மேடம்..."

"உங்க மேனேஜர் நம்பர் குடுங்க, நா பேசுதேன்."

கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார். முதல் அடிக்கு அசையவில்லை, இரண்டாவதற்குக் காரை உதிர்ந்தது, மூன்றாவதற்கு ஒரு செங்கல் அந்தப் பக்கமாக விழுந்தது. துளை வழியாகக் கடற்காற்று தூசியை அள்ளிக்கொண்டு கூண்டுக்குள் புகுந்து, நேராகப் பரணிதரன் வாய்க்குள் போனது. வெளியே சகோதரர்களின் சண்டை இப்போது ஸ்டூல் எவ்வளவு உயரம் என்பதற்கு வந்திருந்தது. ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வரிசைச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கட்டியால் தட்டிக் காட்டினாள்.

"இதையும் எடுங்க அண்ணாச்சி. உத்தரத்துல படாம."